மார்ஃபின் எழுதியவர் மறுநாளும் வர வேண்டும்

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வார்டுகளில், இனிக் குணப்படுத்த முடியாத நோயாளியின் வீட்டாரிடம் சொல்ல ஒரு வாக்கியம் புழங்குகிறது. "இதுக்கு மேல செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பிடிச்சதை வாங்கிக் கொடுங்க." இதை எந்த வகுப்பிலும் யாரும் நடத்துவதில்லை. ரவுண்ட்ஸில் பின்வரிசையில் நின்று நாலு முறை கேட்டாலே மாணவருக்குப் படிந்துவிடும். ஹவுஸ் சர்ஜன் ஆனதும் அவர் வாயிலிருந்தும் அதே சொற்கள் அதே வரிசையில் வரும்.

அப்படி வீட்டுக்கு அனுப்பப்படுகிறவருக்கு வலி இருக்கிறது. வெளிக்குப் போய் ஆறு நாளாகிறது. வாய் வெந்து கிடக்கிறது. கன்னத்துப் புண் நாறுவதால் பேரக்குழந்தைகள் கிட்டே வருவதில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். இந்த ஐந்துக்கும் செய்ய வேண்டியவை இருக்கின்றன, பெரும்பாலும் மலிவான மாத்திரைகளைக் கொண்டே. ஆகவே "ஒண்ணும் இல்ல" என்பது மருத்துவப்படியே தவறான கூற்று. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குப் பேலியேட்டிவ் கேர் கற்பிக்கிறவர் முதலில் திருத்த வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் துன்பத்தைத் தணிக்கும் இந்தச் சிகிச்சைக்கு அரசின் திட்டங்களில் வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை என்று பெயர்.

இதை எப்படிக் கற்பிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு நோயாளியிடமாவது முழுச் சுற்றையும் முடித்திருக்க வேண்டும். வலியைக் கேட்டறிய வேண்டும். கடும் வலிக்கான மருந்தாகிய மார்ஃபினின் அளவைத் தானே கணக்கிட்டு ஆசிரியரிடம் காட்ட வேண்டும். வீட்டாருக்கு அதைத் தமிழில் விளக்க வேண்டும். மறுநாள் காலை அதே கட்டிலுக்குத் திரும்பிப் போய், "எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் நம் கல்லூரிகளில் விட்டுப்போகிறது. போஸ்டிங் மாறிவிடுகிறது, யூனிட் மாறிவிடுகிறது. எழுதிய மருந்து என்ன செய்தது என்பதைப் பார்க்காமலே மாணவர் அடுத்த வார்டுக்குப் போய்விடுகிறார்.

ஏன் இந்த நிலை என்பதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. அதன் பிறகு மார்ஃபினை வாங்கவும் வைத்திருக்கவும் கொடுக்கவும் தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. சிறு பிழைக்கும் கடும் தண்டனை என்ற அச்சத்தில் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே கைவிட்டன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையம் என்ற ஒற்றை அனுமதி போதும் என்றானது. ஆனால் இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் படித்த மருத்துவர்களில் பெரும்பாலோர் வாய்வழி மார்ஃபினை ஒருமுறைகூட எழுதிப் பழகவில்லை. இன்று பேராசிரியர்களாக இருப்பவர்கள் அந்தத் தலைமுறைதான். சட்டம் மாறினாலும் கை பழகவில்லை. அதனால் மாணவரோடு ஆசிரியரும் சேர்ந்தே கற்றாக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

பாடத்திட்டத்தில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தில், மயக்கவியலின் வலிப் பகுதியில் இது வருகிறது. மருத்துவ அறமும் உரையாடலும் சொல்லித்தரும் ஏட்காம் பாடத்தில் மரணத்தை எதிர்கொள்வது பற்றி ஒரு பகுதி இருக்கிறது. தனித் துறை இல்லாத கல்லூரியில் இந்தத் துண்டுகளை ஒருவர் பொறுப்பெடுத்துக் கோக்க வேண்டும். மயக்கவியல், பொது மருத்துவம், சமூக மருத்துவம் மூன்றிலிருந்தும் சில மணி நேரங்களைக் கேட்டு வாங்கினால் போதும், புதுப் பாடவேளை தேவையில்லை.

முதல் வகுப்பில் வரையறையை எழுதிப் போடாதீர்கள். வார்டுக்கு அனுப்புங்கள்.

மாணவருக்கு வலியின் வகைகள் ஆங்கிலத்தில் தெரியும். நோசிசெப்டிவ், நியூரோபதிக், விசரல் என்று ஒப்பிப்பார். எதிரே படுத்திருக்கும் அம்மா, "காலு காந்துதுய்யா" என்கிறார். மாணவர் கேஸ் ஷீட்டில் 'கால் வலி' என்று எழுதுகிறார். சிகிச்சை தவறுவது அங்கேயேதான். காந்தல் என்ற சொல்லிலேயே நோயறிதல் பாதி இருந்தது. அதை அழித்துவிட்டு 'வலி' என்று பொதுவாக எழுதியதால் டைக்ளோஃபினாக் ஊசிதான் போகும், காந்தல் நிற்காது.

அதனால் முதல் பயிற்சி இது: ஒவ்வொரு மாணவரும் ஐந்து நோயாளிகளிடம் பேசி, அவர்கள் வலியைச் சொன்ன சொற்களை அப்படியே, மொழிபெயர்க்காமல், எழுதிவர வேண்டும். இருபது நிமிடம் போதும். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் பலகையில் எழுதி, பிறகு பிரிக்க வேண்டும். எரியுது, காந்துது, சுள்ளுன்னு இழுக்குது, ஷாக் அடிச்ச மாதிரி, மதமதன்னு இருக்கு, எறும்பு ஊருது, துணி பட்டாலே தாங்கல ஆகியவை நரம்பு வலியின் சொற்கள். குடையுது, கடுக்குது, திரும்பிப் படுத்தா உயிர் போகுது என்றால் எலும்பு. விட்டு விட்டுச் சுருட்டிப் பிடிக்குது, முறுக்குது என்றால் குடல். விண்ணு விண்ணுன்னு தெறிக்குது என்றால் சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரமா அமுக்குது என்றால் உள்ளுறுப்பு வீங்கி உறையை இழுக்கிறது, ஈரல் கட்டிகளில் வருவது போல.

இந்தப் பிரிவு மருந்தை மாற்றுகிறது என்பதை அதே பலகையில் காட்டிவிட வேண்டும். நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி.யில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது. பிராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை தேவை. கபாபென்டின் தருவதானால் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு. ஓரிடத்து எலும்பு வலிக்கு ஒரே தவணையில் 8 கிரே அளவு கதிரியக்கம் பலருக்குப் பெரிய நிவாரணம் தரும். அதற்காக அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதே ஒரு திறமை. முறுக்கு வலிக்கு ஹயோசின் பியூட்டைல்புரோமைடு. முதுகு எலும்பு வலியோடு கால் தளர்ச்சியும் சிறுநீர்த் தடையும் சேர்ந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அன்றே வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன், அன்றே ஸ்கேன். ஒரு நாள் தாமதித்தால் அந்த மனிதர் மீதி நாட்களைப் படுக்கையிலேயே கழிக்க நேரலாம்.

இந்தப் பட்டியலில் எதிலும் அடங்காத ஒரு சொல் வரும். "உளையுது." கால் உளையுது என்பார்கள், மன உளைச்சல் என்றும் சொல்வார்கள்; உடம்புக்கும் மனசுக்கும் தமிழில் அது ஒரே சொல். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், சமூக வாழ்வு, ஆன்மா நான்கின் துயரமும் ஒன்றுசேர்ந்த 'முழு வலி' என்ற கருத்தை முன்வைத்தார். அந்தக் கருத்தை விளக்க நமக்குத் தனிப் படம் வேண்டாம். உளைச்சல் என்ற சொல்லைப் பலகையில் எழுதி, இது எந்த வகையில் சேரும் என்று மாணவர்களையே கேட்டால் போதும். கடன், கல்யாணமாகாத மகள், நேர்ந்துகொண்டு செலுத்தாத முடி என எல்லாம் அந்தப் பேச்சில் வெளியே வரும்.

இந்தப் பயிற்சியில் இரண்டு தவறுகள் எப்போதும் நேரும். நோயாளியிடம் கேட்ட கேள்விக்குக் கூட இருப்பவர் பதில் சொல்வார், மாணவர் அதையே எழுதிக்கொள்வார். இன்னொன்று அளவு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை என்று கேட்டால் பல பெரியவர்களுக்குப் பிடிபடாது. "பத்துக்குப் பத்து" என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். "பத்து ரூபாய் வலி இருந்துச்சுன்னா இப்ப எத்தனை ரூபாய் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் கொஞ்சம், நடுத்தரம், தாங்க முடியல என்ற மூன்று சொற்களே போதும். எண் முக்கியமில்லை. நேற்றைய பதிலோடு இன்றைய பதிலை ஒப்பிட முடிந்தால் சரி.

இனி மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட, வலியின் கடுமைக்கேற்ப மருந்தைப் படிப்படியாக ஏற்றும் வலி ஏணியை மாணவர்கள் படமாக மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏணியைவிட அதோடு வந்த நெறிகள் பயனுள்ளவை: வாய் வழியே, மணி தவறாமல், ஆளுக்கு ஏற்றபடி. வார்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஊசி வழியே, வலி வந்தால் மட்டும், எல்லாருக்கும் ஒரே அளவு. 'எஸ்.ஓ.எஸ்.' (தேவைப்பட்டால் மட்டும்) என்று எழுதப்பட்ட வலி மருந்து, நோயாளி கதறிய பிறகுதான் வரும். வலி ஏறி உச்சத்தில் நிற்கும்போது கொடுக்கிற மருந்து கூடுதலாகத் தேவைப்படும்.

கணக்கை மாணவரே போட வேண்டும். இதற்கு முன் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்து எடுக்காத, சிறுநீரகம் சரியாக உள்ள நோயாளிக்கு வாய்வழி மார்ஃபின் 5 மி.கி., நான்கு மணிக்கு ஒருமுறை. நம்மிடம் சாதாரணமாகக் கிடைப்பது 10 மி.கி. மாத்திரை, ஆகவே அரை மாத்திரை. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு வேளை அளவைச் சேர்த்து, முழு மாத்திரை. அதிகாலை 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக. மெலிந்த முதியவருக்கு 2.5 மி.கி.யில் தொடங்குவது பாதுகாப்பு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தால் மார்ஃபினின் கழிவுப் பொருள் உடம்பில் தேங்கும். அளவைக் குறைத்து இடைவெளியை ஆறு, எட்டு மணி நேரம் என நீட்ட வேண்டும், அல்லது ஃபென்டனிலுக்கு மாற வேண்டும். கிரியாட்டினின் பார்க்காமல் மார்ஃபின் எழுதிய மாணவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடையில் வலி வந்தால் கூடுதலாக ஒரு வேளை அளவு, அதாவது ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் குறையாவிட்டால் இன்னொன்று. ஒவ்வொன்றையும் நோட்டில் குறிக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுநாளின் கணக்கு அந்த நோட்டில்தான் இருக்கிறது. வழக்கமான 30 மி.கி.யோடு கூடுதலாக ஆறு முறை 5 மி.கி. எடுத்திருந்தால் மொத்தம் 60. ஆறால் வகுத்தால் இனி ஒரு வேளைக்கு 10 மி.கி., ஒரு முழு மாத்திரை. ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: கூடுதல் மாத்திரை போட்டபோது வலி குறைந்ததா? குறைந்தது, ஆனால் சீக்கிரம் திரும்பி வந்தது என்றால் அளவு போதவில்லை, ஏற்றலாம். குறையவே இல்லை என்றால் அது மார்ஃபினுக்குக் கட்டுப்படாத வலி. நரம்பு வலியா, முறுக்கா, உளைச்சலா என்று பலகைக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போய் நோயாளியை மயக்கத்தில் தள்ளுவதுதான் நாம் அதிகம் பார்க்கிற பிழை.

மலமிளக்கி இல்லாமல் மார்ஃபின் எழுதக் கூடாது. முதல் சீட்டிலேயே பிசகோடில் இரவில் 10 மி.கி. இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் குமட்டல் பழகிப்போகும், தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும். மலச்சிக்கல் மட்டும் எத்தனை மாதமானாலும் பழகாது. மாணவர்கள் நார்ச்சத்துத் தூளான இசப்கோல் எழுதுவார்கள். அரை டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாதவருக்கு அது குடலிலேயே களியாக இறுகிவிடும். இன்னொரு பொறியும் இருக்கிறது: பத்து நாள் மலம் இறுகியவருக்கு ஓரமாகத் தண்ணீர் போலக் கசியும், அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து லோபரமைடு எழுதிவிடுவார்கள். கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும். முதல் சில நாட்களுக்குக் குமட்டலுக்கு மெட்டோகுளோப்ரமைடு அல்லது இரவில் குறைந்த அளவு ஹாலோபெரிடால் சேர்த்து எழுதலாம்.

மூச்சு நின்றுவிடும் என்ற பயம் ஆசிரியர்களுக்கும் உண்டு. மூச்சு குறைவதற்கு முன் மயக்கம் வரும் என்ற வரிசை தெரிந்தால் பயம் அடங்கும். கூப்பிட்டால் கண் திறந்து பேசுகிறவருக்கு மூச்சை அடக்கும் அளவுக்கு மார்ஃபின் அதிகமாகிவிடவில்லை. கண்மணி சுருங்குவது மட்டும் ஆபத்தின் அடையாளமல்ல, மார்ஃபின் எடுக்கிற எல்லாருக்கும் சுருங்கும். கை கால் துள்ளுவது, கண்முன் ஏதோ தெரிகிறது என்பது, எழுப்ப முடியாத தூக்கம், நிமிடத்துக்கு 8-க்குக் கீழே மூச்சு ஆகியவைதான் கவலைக்குரியவை. கடைசி இரண்டும் சேர்ந்தால், மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் 400 மைக்ரோகிராமை 10 மி.லி.யாகக் கரைத்து, அரை மி.லி., ஒரு மி.லி.யாக, மூச்சு சீராகும் வரை மட்டும். முழு ஆம்பூலையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் அடக்கி வைத்திருந்த வலி மொத்தமும் ஒரே நொடியில் திரும்பும்.

இவ்வளவும் மாணவர் தலைக்குள் இருந்து பயனில்லை. வீட்டாருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் தாளில் சூரியன் உதிப்பதும் உச்சிக்கு வருவதும் நிலாவும் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் அரை வட்டமோ முழு வட்டமோ போட்டுக் கொடுக்க வேண்டும். போவதற்குள் அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போனதும் எப்படிக் கொடுப்பீங்க, எனக்குச் சொல்லுங்கம்மா" என்று கேட்டால்தான் தெரியும், இரவு மாத்திரை தவறாகப் புரிந்திருப்பது. "இது கடைசி மருந்தாமே?" என்று கட்டாயம் கேட்பார்கள். "இது வலி மருந்து. வலி இருக்கிற வரைக்கும் கொடுப்போம். கதிரியக்கத்துல வலி குறைஞ்சா கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தவும் செய்வோம்" என்பது உண்மையான பதில். கொஞ்சம் கொஞ்சமாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது.

மறுநாள் காலை. மாணவர் கேட்க வேண்டியவை குறைவு. ராத்திரி தூங்கினீர்களா, வலியில் எழுந்தீர்களா? கூடுதல் மாத்திரை எத்தனை, போட்டதும் குறைந்ததா? வெளிக்குப் போனீர்களா? வாந்தி உண்டா? பகலில் கண்ணைச் சொக்குகிறதா? குறிக்கோளுக்கும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம்: முதலில் வலியில்லாத தூக்கம், அடுத்து அசையாமல் இருக்கும்போது வலியின்மை, பிறகு நடக்கும்போது. முதல் நாளே மூன்றையும் எதிர்பார்க்கும் மாணவர் சோர்ந்துவிடுவார். தூங்கி எழுந்த முகத்தைப் பார்த்த மாணவருக்கு மார்ஃபின் பற்றி அதன் பிறகு எந்த விரிவுரையும் தேவைப்படாது.

மற்ற அறிகுறிகளில் புண் நாற்றத்தைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள், நம் ஊரில் வாய்ப் புற்றுநோய் அதிகம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு, அதுதான் கழுவும் நீர். ஒட்டிப்போன துணியைப் பிய்க்காமல் ஊற வைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கொட்டும். மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாக நுணுக்கிப் புண்மேல் தூவினால், நாள் தவறாமல் செய்யும்போது, சில நாட்களில் நாற்றம் குறையும். பழைய வேட்டியைத் துவைத்துத் துண்டு போட்டு குக்கரில் ஆவி காட்டினால் கட்டுத்துணி தயார். மூச்சுத்திணறலுக்கு முகத்துக்கு நேரே சின்ன விசிறி, முன்னால் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருவது, குறைந்த அளவு மார்ஃபின். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்குச் சிலிண்டர் வாங்கச் சொல்லிக் குடும்பத்தைக் கடனில் தள்ள வேண்டியதில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு மூன்று பேர் கொண்ட குழு சரியாக வரும். ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்வையாளர். எட்டு நிமிடம் நடிப்பு, எட்டு நிமிடம் பேச்சு. கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறுபடி முறையைப் படித்திருப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தால் வீண். தமிழில் பேச வைத்தால்தான் எங்கே திக்குகிறார்கள் என்பது தெரியும். 'கட்டி' என்பதா 'கேன்சர்' என்பதா என்று அங்கே நாக்கு நிற்கும். "ரிப்போர்ட் நாம நெனச்ச மாதிரி வரலைங்க" என்று ஒரு முன்னறிவிப்பு, பிறகு நிறுத்தம். மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மூன்றில் "ஆனா கவலைப்படாதீங்க" என்று குறுக்கே பேசிவிடுவார்கள். அந்த "கவலைப்படாதீங்க" நோயாளி வாயைத் திறக்கும் முன்பே கதவைச் சாத்திவிடுகிறது. பார்வையாளர் குறிக்க வேண்டியது இரண்டே: யார் அதிக நேரம் பேசினார், எத்தனை அமைதி இருந்தது.

நம் குடும்பங்களில் இதைவிடக் கடினமானது வேறு. வார்டு வாசலிலேயே மகன் நிறுத்துவார். "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு." புத்தகத்தின்படி நோயாளியின் உரிமை என்று பேசும் மாணவர் மகனை எதிரியாக்கிவிடுவார், சரி என்று தலையாட்டுபவர் அப்பாவைத் தனிமையில் விட்டுவிடுவார். பழக்க வேண்டிய வழி இப்படி. முதலில் மகனிடமே கேட்க வேண்டும்: "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" அந்தப் பயம் அன்பிலிருந்து வருகிறது, அதைச் சொல்லியும் காட்ட வேண்டும். பிறகு, "மறைச்சு வச்சு நடிக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" பல மகன்கள் இங்கே உடைந்து அழுவார்கள். கடைசியாக அனுமதி: "நானா போய் எதையும் திணிக்க மாட்டேன். அவருக்கு என்ன தெரியும்னு மட்டும் கேக்குறேன். அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் பக்கத்துல இருங்க." உள்ளே போய், "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க அய்யா?" என்று கேட்டால், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது அடிக்கடி வெளிப்படும். சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டால் அதையும் மதிக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மாணவர்கள் இதைக் கருணைக் கொலையோடு குழப்பிக்கொள்கிறார்கள். பயனற்றுப்போன உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதும் உயிரை எடுப்பதும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல், கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, அந்த ஆவணத்துக்கு நீதித்துறை நடுவருக்குப் பதில் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும் என்றது.

வார்டில் கற்றது வீட்டில்தான் சோதனைக்கு வரும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். சமூக மருத்துவப் போஸ்டிங்கில் இருக்கும் மாணவர்களை, ஒரு செவிலியரோடு இருவருக்கு மேல் போகாமல், அனுப்பலாம். எட்டுப் பேர் ஒரு சின்ன வீட்டுக்குள் வெள்ளைக் கோட்டோடு நுழைந்தால் தெருவே கூடிவிடும், மறைத்து வைத்த நோய் ஊருக்குத் தெரிந்துவிடும். கோட்டைக் கழற்றிவிட்டுப் போகட்டும். அங்கே ஆசிரியர் செவிலியர்தான், அவர் சொல்கிறபடி நடக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை வேறு. கழிவறை எத்தனை படி தள்ளி இருக்கிறது? ராத்திரி பக்கத்தில் படுப்பவர் யார், அவர் தூங்கி எத்தனை நாளாகிறது? மாத்திரைகள் எந்த மஞ்சள் பையில், எத்தனை ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு கலந்து கிடக்கின்றன? பையைத் தரையில் கொட்டிப் பிரித்தால் ஒரே மருந்து மூன்று பெயர்களில் இருக்கும். மார்ஃபின் வகையைச் சேர்ந்த டிராமடால் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். புட்டத்தையும் குதிகாலையும் திருப்பிப் பார்க்காமல் வெளியே வரக் கூடாது. சிவந்த இடம்தான் அடுத்த வாரத்துப் படுக்கைப் புண். முடிந்ததும் வண்டியில் ஏறுவதற்கு முன் இருபது நிமிடம் மாணவர்களைப் பேச விடுங்கள். சிலர் அழுவார்கள். "டாக்டர் அழக் கூடாது" என்று சொல்லி அடக்க வேண்டாம். எது வலித்தது என்று கேட்டால் போதும்.

தேர்வில் இல்லாததை மாணவர் படிக்க மாட்டார், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியால் இது எதையும் அளக்க முடியாது. நிலையம் நிலையமாகச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வான ஆஸ்கியில் இரண்டு நிலையங்கள் வையுங்கள். ஒன்றில் நேற்றைய நோட்டைக் கொடுத்து இன்றைய மார்ஃபின் சீட்டை எழுதச் சொல்வது. மலமிளக்கி இல்லாவிட்டால் பாதி மதிப்பெண் போகும், 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதினாலும் குறையும், 50 என்று வாசிக்கப்படும் என்பதால். மற்றொன்றில் அந்த வாசலில் நிற்கும் மகன்.

கடைசி நாட்களைப் பற்றி மாணவர் வீட்டாருக்கு முன்பே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு இறங்காது, பட்டினியால் இறக்கவில்லை, உடம்பு விடைபெறுவதால் பசி நின்றுவிட்டது. உதட்டை ஈரத் துணியால் நனைத்தால் போதும், ட்ரிப் ஏற்றினால் நுரையீரலில் நீர் சேரக்கூடும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்பவருக்குப் பதறும், நினைவிழந்தவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தேவையானால் சுரப்பைக் குறைக்கும் கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. தோலடியில். இறப்பை உறுதி செய்த பிறகு "எக்ஸ்பயர் ஆயிட்டாரு" என்று சொல்லக் கூடாது, அது மருந்துப் பெட்டிக்குச் சொல்வது. நோயாளியின் உறவுமுறையைச் சொல்லி, "அப்பா இறந்துட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நிற்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வருவதும் பாடத்தில் சேர வேண்டும். கவனித்துக்கொண்டவர் எப்படித் தூங்குகிறார், சாப்பிடுகிறாரா, இன்னும் மணிக்கு மணி எழுந்து மாத்திரை நேரம் பார்க்கிறாரா என்று கேட்க வேண்டும். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை வீட்டார் முன்னால் எண்ணி, எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கி, கொடுத்த நிலையத்திடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும்.